பாட்காஸ்ட் எடிட்டிங்: மணிக்கணக்கைச் சரியாகப் போட்டால் காசு கையில் நிற்கும்

பாட்காஸ்ட் எடிட்டிங்கைத் தொழிலாகத் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்பதுதான். அதற்கான பதில் சின்னது, முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஆடாசிட்டி இலவசம், பேச்சு ஒலிக்குத் தாராளமாகப் போதும். ரீப்பரை 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் சிறு தொழிலுக்கான லைசென்ஸ் 60 டாலர். ஏற்கெனவே வீடியோ வெட்டுகிறவர் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஒலி எடிட்டிங்குக்கான ஃபேர்லைட் பகுதி இருக்கிறது. ஹெட்போன் மட்டும் காதை முழுதாக மூடுகிற, வயர் உள்ள ஒன்றாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், வெட்டுகிற இடம் தவறும். மைக் வேண்டாம், நீங்கள் பேசப் போவதில்லை.

இனி உண்மையான கேள்வி. ஒரு மணி நேரம் இரண்டு பேர் பேசியதை எடிட் செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? இது தெரியாமல் யாரிடமும் விலை சொல்லாதீர்கள். இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் விலகிப் போவதற்குப் பெரும்பாலும் வேலை கிடைக்காதது காரணமில்லை, கிடைத்த வேலையில் மணிக்கு எவ்வளவு தேறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்காததுதான்.

கணக்குத் தெரிய, முதலில் சொந்தமாக ஒரு அத்தியாயம் (எபிசோடு) செய்யுங்கள். நண்பரை வீடியோ காலில் கூப்பிட்டு நாற்பது நிமிடம் எதையாவது பேசுங்கள், இருவரும் இயர்போன் போட்டுக்கொண்டு அவரவர் போனிலோ கணினியிலோ தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், தொடங்கும்போது இருவரும் ஒன்றாக ஒரு கைதட்டு. ஃபேன் ஓடட்டும், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்தட்டும். வாடிக்கையாளர் அனுப்பப் போவதும் இதே மாதிரிதான் இருக்கும்.

இப்போது எடிட்டிங். திரையில் தெரியும் ஒலி அலையில் கைதட்டின் கூர்முனையை வைத்து இரண்டு டிராக்கையும் பொருத்துங்கள். கடைசி ஐந்து நிமிடத்தையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது, நேரம் போகப் போகக் கேள்விக்கு முன்பே பதில் வரத் தொடங்கும். அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டினால் ஃபேனின் அடிமுழக்கம் பெரும்பாலும் போய்விடும். மிச்சமிருக்கும் இரைச்சலுக்கு, யாரும் பேசாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன். 6 டெசிபலில் தொடங்குங்கள், 20 வரை இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் ஃபேன் சத்தம் இருந்தால் யாரும் பாட்காஸ்டை நிறுத்த மாட்டார்கள், தண்ணீர்க் குரலுக்கு நிறுத்துவார்கள்.

அப்புறம்தான் வெட்டு வேலை, நேரம் முழுக்கப் போவது இங்கேதான். நம் ஆட்கள் பேச்சில் ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘ஆக்சுவலி’ எல்லாம் நிறைய வரும். எல்லாவற்றையும் தூக்க வேண்டும் என்று கை பரபரக்கும். ‘அவர் வந்து சொன்னார்’ என்பதில் ‘வந்து’ முன்னும் பின்னும் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்தால் ‘அவர்’ பாதியில் நிற்கும், பேச்சுக்கு நொண்டல் வரும். தனியாக, முன்னால் ஒரு இடைவெளியோடு நிற்கிற ‘வந்து...’ மட்டும் போகட்டும். வெட்டும்போது மூச்சை விட்டுவையுங்கள், மூச்சில்லாமல் இரண்டு வாக்கியம் ஒட்டினால் கேட்கிறவருக்குக் காரணம் புரியாமலே மூச்சு முட்டும். பேட்டி எடுப்பவர் போடுகிற ‘ம்ம்’, ‘ஆங்’ எல்லாவற்றையும் துடைத்தால் விருந்தாளி சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கும், 10 டெசிபல் இறக்கினால் போதும். வெட்டிய இடத்தில் வெறும் நிசப்தம் விழுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், அங்கே அந்த அறையின் வெற்று ஒலியை வைத்து நிரப்புங்கள். பேச்சை எழுத்தாக்கி, அந்த எழுத்தைப் பார்த்து வெட்டித் தருகிற ஏஐ கருவிகள் ஆங்கிலத்துக்கு வேலை செய்கிற அளவுக்கு ஆங்கிலம் கலந்த நம் பேச்சுத் தமிழுக்குச் செய்வதில்லை. உங்கள் காதுக்கு இன்னும் விலை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிவில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கக் கம்ப்ரஸர், மொத்தச் சத்த அளவைச் சரிசெய்ய லவுட்னஸ், உச்சம் எல்லை தாண்டாமல் பிடிக்க லிமிட்டர். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பாட்டிஃபை -14-க்குச் சரிசெய்து ஒலிக்கும். -16 வைத்தால் இரண்டு இடத்திலும் குறை சொல்ல மாட்டார்கள். ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷன் -23-ஐத்தான் தானாகக் காட்டும், மாற்ற மறக்காதீர்கள். பேச்சு மட்டும் என்றால் மோனோவில் (ஒரே சேனல்) 64 கேபிபிஎஸ் எம்பி3, இசை உண்டென்றால் ஸ்டீரியோவில் 128. கடைசியாக ஒருமுறை, கணினியை விட்டு எழுந்து, போனில் சாதாரண இயர்போனில் முழுதாகக் கேளுங்கள். இப்படிக் கேட்கிற நேரமும் கணக்கில் சேர்ந்ததுதான்.

சரி, விலைக்கு வருவோம். பேசிய நேரம் 60 நிமிடம், உங்களுக்கு எல்லாம் சேர்த்து 5 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அத்தியாயத்துக்கு 1,500 ரூபாய் என்று ஒத்துக்கொண்டால் மணிக்கு 300. பரவாயில்லை, தொடக்கம்தானே. அடுத்த வாரம் அதே ஆள் 110 நிமிடப் பதிவை அனுப்பி, ‘நல்லா பேசினார் பிரதர், நாற்பது நிமிஷமாக் குறைச்சுக் கொடுங்க’ என்பார். வெளியாவது நாற்பது நிமிடம்தான், ஆனால் எதை எடுப்பது என்று தீர்மானிக்கவே 110 நிமிடத்தையும் இரண்டு முறை கேட்க வேண்டும். வேலை 9 மணி நேரம், காசு அதே 1,500. ஆகவே வெளியாகும் நீளத்துக்கு விலை வைக்காதீர்கள், வந்து சேருகிற பதிவின் நீளத்துக்கு வையுங்கள். 45 நிமிடம் வரை ஒரு விலை, 75 வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். மூன்றாவது ஆள் பேசினால் தனி. ரீல்ஸ் துண்டு, அத்தியாயக் குறிப்பு, அப்லோட் எல்லாமே தனி. ஏழு நாளுக்குள், எந்த நிமிடம் எந்த விநாடி என்று குறித்து ஒரே பட்டியலாகத் தந்தால் ஒருமுறை திருத்தம் இலவசம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக வரும். புது ஆளிடம் பாதி முன்பணம் வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நேரத்தைக் குறைக்க இன்னொரு வழி, பதிவு செய்வதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு ஒரு பக்கத்தில் தமிழில் குறிப்பு அனுப்பிவிடுவது: ஏசியையும் ஃபேனையும் நிறுத்துங்கள், இருவரும் இயர்போன் போடுங்கள், பதிவின்போது சத்த அளவைக் காட்டும் மீட்டர் -12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், குக்கர் வைத்திருந்தால் இறக்கிவிட்டு உட்காருங்கள். இரைச்சலைக் குறைக்கலாம், ஆனால் அதிக சத்தத்தில் உடைந்துபோன குரலைப் பழையபடி கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம். கோப்பை வாட்ஸப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் தரம் பாதி போய்விடும், டாக்குமெண்டாகவோ டிரைவ் லிங்காகவோ கேளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ வாவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 500 எம்பி வரும், இரண்டு பேர் என்றால் 1 ஜிபி. கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி சீக்கிரம் நிரம்பும், அதையும் திட்டத்தில் வையுங்கள்.

ஆள் பிடிப்பது எப்படி? ஃப்ரீலான்ஸ் வேலைக்கான இணையதளமான ஃபைவரில் கணக்குத் திறக்கலாம், அது 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், உலகம் முழுக்கப் போட்டி. தமிழில் எடிட் செய்கிறவருக்கு வேறு நேர்வழி இருக்கிறது. பத்துப் பதினைந்து அத்தியாயம் தவறாமல் வெளியிட்டு, ஒலி மட்டும் மோசமாக உள்ள தமிழ் பாட்காஸ்ட்களைத் தேடுங்கள். வரி ஆலோசகர், மருத்துவர், புத்தகம் பேசுகிறவர், டொரொன்டோவிலோ சிங்கப்பூரிலோ வார இறுதியில் உட்கார்ந்து பேசுகிற நம் ஆட்கள். ஒரே ஒரு அத்தியாயம் போட்டுவிட்டுக் காணாமல்போனவர்களை விட்டுவிடுங்கள். பிடித்த பாட்காஸ்டிலிருந்து மூன்று நிமிடத்தை எடுத்துச் சரிசெய்து, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று அவருக்கு மட்டும் அனுப்புங்கள், பொதுவில் போட்டு மானத்தை வாங்காதீர்கள். இரண்டு துண்டையும் ஒரே லவுட்னஸில் வையுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதே நல்ல ஒலி என்று காது ஏமாறும், அந்த வித்தையைத் தெரிந்தவர் பார்த்தால் உங்கள் மேல் மரியாதை போய்விடும்.

பின்னணிக்குச் சினிமா பாட்டு கேட்பார்கள், எல்லோரும் கேட்பார்கள். உரிமை வாங்கித் தந்தால் போடுகிறேன் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் உரிமம் தெளிவாக எழுதியுள்ள இலவச இசை.

பணத்துக்கு உள்ளூரில் யுபிஐ போதும், ஆனாலும் எண் போட்ட பில் கொடுங்கள். வெளிநாட்டுக்காரரிடம் பேபால், வைஸ் மாதிரியான இணையப் பணச் சேவைகளில் வாங்கலாம். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் பணம் மாற்றித் தருவதில்லை, வெளியிலிருந்து வருவதற்கு மட்டும். நிறுவனங்கள் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம், பதறாதீர்கள், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். வேலை முடிந்த மூலப் பதிவை 30 நாள் வைத்திருப்பேன், பிறகு அழித்துவிடுவேன் என்று பில்லின் அடியிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ‘அந்த முதல் எபிசோடு ஒரிஜினல் இருக்கா?’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள்.