கரையோரம் மரக்கூடு, எதிரே மலை: கிளென்கோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கிளாம்பிங் என்றால், கூடாரம் அடிக்கச் சோம்பல்படுகிறவர்களின் கேம்பிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் அது பெரும்பாலும் மரத்தாலான குட்டி அறை. பாட் என்பார்கள், கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி இருக்கும். நான் சொல்லப்போவது கிளென்கோ பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் லாக் லெவன் கரையைப் பற்றி. அங்கே ஏரிக்கும் லாக்தான், உள்ளே புகுந்த கடலுக்கும் லாக்தான். இது இரண்டாவது வகை, தண்ணீர் உப்புக்கரிக்கும்.

1. முதலில் மாதம், பிறகு இடம்

என் ஓட்டு மே மாதத்துக்கு. இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், உச்சிகளில் கொஞ்சம் பனி மிச்சமிருக்கும், மிட்ஜ் என்ற கடிப்பூச்சியின் தொல்லையும் இன்னும் முற்றியிருக்காது.

2. பதிவு செய்யுமுன் மூன்று கேள்விகள்

கழிப்பறை உள்ளேயா வெளியேயா? படுக்கை விரிப்பு தருவார்களா? சமைக்க என்ன இருக்கிறது? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் போய், முதல் இரவு ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கியவன் நான்.

3. போய்ச் சேருவது

கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் பேருந்து கிளென்கோ ஊர் வழியாகவே போகும். ரயில் இந்த ஊருக்கு வராது.

4. மிட்ஜுக்குத் தயாராகுங்கள்

கொசுவைவிடச் சின்ன பூச்சி. ஒன்று கடித்தால் ஒன்றுமில்லை. ஆனால் அது ஒன்றாக வருவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்று அசையாத ஈரமான அந்திவேளையில் மேகம்போல் இறங்கும். தலைக்கு வலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. வலையைத் தூக்கி ஒரு வாய் டீ குடிப்பதற்குள், டீயில் மிளகுத்தூள் தூவியதுபோல் பத்துப் பதினைந்து மிதக்கும். லேசாகக் காற்றடித்தாலே அதனால் பறக்க முடியாது. அதனால் பாட் எடுக்கும்போது மரங்களுக்குள் ஒளிந்திருப்பதை விட்டு, காற்றுப்படும் கரையோரமாகக் கேளுங்கள்.

5. நாளைக்கு என்ன என்பதைக் காற்றிடம் விடுங்கள்

எந்த நாளில் எது என்று ஊரிலிருந்தே அட்டவணை போட்டுவிடாதீர்கள். முந்தின இரவு, பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் மலைப்பகுதி முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்றில்லாத நாள் கயாக்குக்கு, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் குட்டிப் படகுக்கு. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போனால் மிட்ஜும் விட்டுவிடும். புதியவர்கள் பயிற்றுநரோடுதான் போக வேண்டும். லாக் லெவனின் வாயிலில் இருக்கும் பாலாஹூலிஷ் பாலத்தடியில் ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் ஆறுபோல் இழுக்கும். கோடையிலும் தண்ணீர் மூச்சை அடைக்கிற குளிர், ஆகவே மிதவைச் சட்டையைக் கழற்றவே கூடாது.

காற்றடிக்கும் நாளில் மேலே ஏறாமல் கிளென்கோ லாக்கன் காட்டுக்குப் போங்கள். கனடாவில் பெரும்பணம் சேர்த்த ஸ்ட்ராத்கோனா பிரபு, ஊர் ஏக்கத்தில் இருந்த மனைவிக்காக வட அமெரிக்க மரங்களை நட்டு உண்டாக்கிய இடம். குழந்தைகளும் நடக்கலாம்.

தெளிவான நாள் கிடைத்தால் எல்லோருக்கும் பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ்மேல் ஏறும் ஆசை வரும். உயரம் 1,345 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள்; ஏறுவது கிட்டத்தட்ட கடல்மட்டத்திலிருந்து. போய்வர ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகும். முதல்முறைக்கு, பக்கத்திலிருக்கும் ஆனாக் மோர் மலையில் நெவிஸ் ரேஞ்ச் கோண்டோலாவில், அதாவது கம்பிவடத்தில் போகும் பெட்டியில், ஏறுங்கள். 650 மீட்டரில் இறக்கிவிடும், அங்கிருந்து நடை போதும். மழை ஜாக்கெட், கம்பளித் தொப்பி இரண்டும் வெயிலிலும் பையில் இருக்கட்டும். மலையில் யாருக்காவது அடிபட்டால் 999. முதலில் போலீஸ், அப்புறம் மலைமீட்புக் குழு என்று கேளுங்கள்.

6. தூங்குமுன் உண்ணி தேடுங்கள்

மிட்ஜ் அரிப்போடு போய்விடும், உண்ணி அப்படியல்ல. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியது. புதர் உரசி நடந்த அன்று முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், எண்ணெய் தடவாமல், உண்ணிக் கொக்கியை அதன் அடியில் கொடுத்து மெல்லத் திருகி எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், கிளாஸ்கோவிலேயே வாங்கிவிடுங்கள்.