வாய்மொழியாக மாறும் டார்கெட்டை அன்றே எழுத்தில் பதியுங்கள்

பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதி மென்பொருள் நிறுவனங்களில் விற்பனைப் பிரிவில் பணிபுரிவோர், மேலாளர் மாதத்தின் நடுவில் டார்கெட்டை வாய்மொழியாக உயர்த்தினால், அன்று மாலைக்குள் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். "இன்றைய கூட்டத்தில் எனது இலக்கு 12 லட்சத்திலிருந்து 18 லட்சமாக மாற்றப்பட்டதாகப் புரிந்துகொண்டேன், ஊக்கத்தொகை விகிதம் பழையபடியே தொடருமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்ற அளவே போதும். குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். முன்பு பணிபுரிந்த இடத்தில் நான் இதைச் செய்யத் தவறியதால், மார்ச் மாத ஊக்கத்தொகையை முழுவதுமாக இழந்தேன். வாக்குக் கொடுத்த மேலாளர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, விற்பனைக்கேற்பத் தரும் ஊக்கத்தொகையான கமிஷனைப் பொதுவாக ஊதியம் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை என்பதால், எழுத்துச் சான்றின் தேவை இங்கே இன்னும் கூடுகிறது. பணி நியமனக் கடிதம், ஊக்கத்தொகைத் திட்டம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் எடுத்துச் செல்லவே கூடாது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கையும் மத்திய அரசின் உமங் செயலியில் மாதந்தோறும் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த தொகையை நிறுவனம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும்.