கார் பிரேக் கீச்சென்று கத்துகிறதா?

மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கீச்சென்று கத்தி, தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்கில் ராத்திரி படிந்த துரு தேய்ந்து போகிறது, அவ்வளவுதான். தினமும் ஒவ்வொரு சிக்னலிலும் கத்தினால்தான் விஷயம். டிஸ்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். பல பேட்களில் இதற்கென்றே ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்கில் உரசிக் கூச்சல் போடும். அலாய் வீலாக இருந்தால் இடுக்கில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். புது பேட் சுமார் 10 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். கரகரவென்று அரைத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது, அன்றைக்கே ஒர்க்‌ஷாப்.

சத்தம் போக எண்ணெய் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரேக்கே பிடிக்காது!

யாரிடம் மாற்றுவது? வண்டி வாரண்டியில் இருந்தாலோ, பட்டனில் இயங்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தாலோ கம்பெனி சர்வீஸ்தான் நல்லது. அந்த பிரேக்குக்கு, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் என்ற கருவி பெரும்பாலும் தேவைப்படும். மற்றபடி முன்சக்கர பேட் மாற்ற நல்ல லோக்கல் மெக்கானிக் போதும். எங்கள் மெக்கானிக் பேட்டை டிஸ்கில் அழுத்தும் பாகமான காலிப்பரின் பின்களைக் (pin) கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் தடவித்தான் மாட்டுவார். ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய பேட்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டியை எடுக்கும்முன் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள்.