நாய்க்குட்டிக்குக் காய்ச்சலா? மூக்கைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது

மூக்கு காய்ந்து சூடாக இருந்தால் காய்ச்சல் என்று பலரும் நம்புகிறார்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் அப்படித்தான் இருக்கும். பொமரேனியன், ஷிட்சு போன்ற சின்ன நாய்கள் சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் சுருண்டு, கூப்பிட்டாலும் எழாமல் நடுங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

உறுதிசெய்ய தெர்மாமீட்டர் போதும். டிஜிட்டல் வகையே நல்லது. நாய்க்கென்றே தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் (ஏன் என்று இப்போது புரியும்). நுனியில் வாசலின் தடவி, ஒருவர் நாயை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் வாலைத் தூக்கி ஆசனவாயில் சுமார் 2 செ.மீ. மெதுவாக நுழைத்து, பீப் சத்தம் வரும்வரை பிடிக்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பான சூடுதான். நம் கணக்கில் பார்த்துப் பதற வேண்டாம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 104 என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். 106 என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். மனிதருக்கான அளவு சின்ன நாயின் உயிருக்கே உலை வைத்துவிடும். பாதங்களையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஃபேனைப் போடுங்கள், ஐஸ் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள்.

அப்புறம், காதுமடல், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். தடுப்பூசி போட்ட மறுநாள் வரும் லேசான சூடு பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் ரத்தபேதியுமாக இருந்தால், தெர்மாமீட்டரைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.