கண்ணுக்குத் தெரியாத கையும் சுயநலமும்: கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளாதாரம் படிக்கத் தொடங்கியவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஆண்டு மாறிப்போவது, பெயரில் எழுத்துப்பிழை எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஆனால் ‘கண்ணுக்குத் தெரியாத கை’ பற்றி, அதாவது அவரவர் சொந்த லாபத்தைத் தேடினாலும் சந்தை அதை எல்லோருக்கும் நன்மையாக மாற்றிவிடும் என்ற கருத்தைப் பற்றி, நான் மாணவனாக எழுதிய அதே அபத்தங்கள் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆடம் ஸ்மித்தைப் படிக்காமல் துணைக்கு அழைப்பது

பொருளியலின் முன்னோடி ஸ்மித் எழுதி 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் அந்தக் கை ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: வெளிநாட்டில் போட்ட பணம் பாதுகாப்பாக இருக்காதோ என்று பயந்து உள்ளூரிலேயே முதலீடு செய்யும் வியாபாரியைப் பற்றிப் பேசும்போது. சந்தையில் அரசு தலையிடவே கூடாது என்பதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்; வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும் என்று சொன்னவரும் இதே ஸ்மித்தான்.

எதைச் செய்தாலும் சுயநலம் என்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். “தானம் செய்வதும் மனத்திருப்திக்குத்தானே, அதுவும் சுயநலம்தான்” என்றார் ஒரு மாணவர். சரி, தானம் செய்யாவிட்டால்? “காசை மிச்சம் பிடிக்கிறார், அதுவும் சுயநலம்.” அப்புறம் அந்தக் கோட்பாட்டை வைத்து யார் என்ன செய்வார் என்று எதைக் கணிப்பது?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் இறங்கவில்லை.

நம் மாணவரிடம் இதற்கும் பதில் இருக்கும்: அபராதம் மலிவு, அதனால் தாமதித்தார்கள். தாமதம் குறைந்திருந்தால்? அபராதத்துக்குப் பயந்தார்கள் என்பார். ஆனால் அபராதத்துக்கு முன்பு, காசே கட்ட வேண்டாத காலத்தில், பெற்றோர் ஏன் இன்னும் நேரத்தோடு வந்தார்கள்? பராமரிப்பவரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். காசு கட்டியதும் அது போய்விட்டது. சுயநலம் என்றால் சொந்தப் பணமும் நேரமும் மட்டுமே என்று முதலில் குறுக்கி வைத்துக்கொண்டால்தான் இந்தக் கூச்சம் கண்ணில் படும். எல்லாவற்றையும் சுயநலத்தில் போட்டு அமுக்கினால், கூச்சத்தைக் கலைக்கும் திட்டத்தை நீங்களே பரிந்துரைத்துவிட்டு, ஏன் தோற்றது என்று தெரியாமல் நிற்பீர்கள். நிஜமாகவே செலவு வைக்கும் தவறு இதுதான்.

நிபந்தனைகளை விழுங்குவது

1950களில் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ஜெரார்ட் டெப்ரூவும் அந்தக் கையின் வேலையைக் கணிதமாக நிறுவியது நிபந்தனைகளோடுதான்: விலையைத் தனியாக யாராலும் அசைக்க முடியாது, ஒருவர் உற்பத்தியின் புகை, வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர்மீது படியாது. அப்போதும் கிடைப்பது திறன்தான், அதாவது இன்னொருவருக்கு நஷ்டம் வராமல் யாரையும் இனி மேம்படுத்த முடியாத நிலை. பங்கீடு நியாயமா என்பது அதில் இல்லை.

சந்தை தவறியதும் ‘எனவே அரசு’ என்று எழுதுவது

அரசு செய்தால் சரியாகும் என்பதைத் தனியாக நிரூபியுங்கள். மேய்ச்சல் நிலத்தையும் பாசனத்தையும் பயனாளிகளே விதி வகுத்துக் காத்ததை ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் காட்டியிருக்கிறார்.