வீட்டு மரத்துக்குக் கவாத்து: வாளை எங்கே வைப்பது?

நான் முதன்முதலில் அறுத்த கிளை என் மணிக்கட்டுப் பருமன்தான் இருக்கும். மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டே போனேன். முக்கால்வாசி அறுப்பதற்குள் கிளை தன் பாரம் தாங்காமல் சாய்ந்தது. சாய்ந்தது மட்டுமா, அடிமரத்துப் பட்டையை ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு தொங்கியது. அந்த இடத்தில் பின்னால் பூஞ்சை ஏறி உளுத்துப்போனது. இத்தனைக்கும் வாள் புதிது, கூர்மையானது. எங்கே வைத்து எந்த வரிசையில் அறுப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மரத்தின் காயம் நம் காயம் போல ஆறுவதில்லை. நமக்குப் பழைய தோல் போய்ப் புதுத்தோல் வரும். மரத்துக்கு அந்த வசதி கிடையாது. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அழுகலை அங்கேயே அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்து மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1970-களில் இதைத் தெளிவாக விளக்கினார். அதனால் நாம் போடும் ஒவ்வொரு வெட்டும் மரத்துக்குள் கடைசிவரை இருக்கும். குறைவாக வெட்டுவதற்கும் சரியான இடத்தில் வெட்டுவதற்கும் இதுவே காரணம்.

முதலில் வாளைக் கீழே வையுங்கள்

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அப்புறம் தள்ளி நின்று முழு உருவத்தையும் பாருங்கள். தேட வேண்டியவை: காய்ந்த கிளை, முறிந்து தொங்குவது, ஒன்றோடொன்று உரசும் இரண்டு கிளைகள், நோய் கண்டது, தூரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகள். காய்ந்ததா உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சிறு கொப்பில் நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உச்சியில் பறவைக்கூடு இருந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கிளை பிரியும் கவட்டையையும் பாருங்கள். அகலமாக விரிந்த கவட்டை வலுவானது. ஒரே பருமனுள்ள இரண்டு கிளைகள் ஒடுங்கிய கோணத்தில் நெருக்கியடித்து வளர்ந்தால், நடுவில் பட்டை உள்ளே மடிந்து சிக்கிக்கொள்ளும். அங்கே கட்டையோடு கட்டை சேர்ந்திருக்காது. காற்றடிக்கும்போது பிளப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். மரம் இளசாக இருந்தால் இரண்டில் ஒன்றை இப்போதே எடுத்துவிடலாம்.

நீங்கள் செய்யக் கூடாத வேலை

இரண்டு கால்களும் தரையில் ஊன்றியிருக்க, கைக்கு எட்டுகிற கிளை மட்டும் உங்களுடையது. ஏணி மேல் நின்று வாள் பிடிப்பது வேண்டவே வேண்டாம். அறுபட்ட கிளை ஏணியைத்தான் முதலில் தட்டிவிடும். மின்கம்பிக்கு மூன்று மீட்டருக்குள் இருக்கும் எதையும் தொடாதீர்கள், அது மின்துறையின் வேலை. தூரில் காளான், அடிமரத்தில் நீளமான வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த மரம், இவற்றில் எது தெரிந்தாலும் தொழில்முறை ஆளைக் கூப்பிடுங்கள்.

கருவி

விரல் பருமன் வரை கைக்கத்தரி. அதிலும் கத்தரிக்கோல் போல இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகை நல்லது. ஒரு அலகு தட்டையான தகட்டின் மேல் வந்து இடிக்கும் வகை உயிருள்ள கொப்பை நசுக்கிவிடும். காய்ந்த குச்சிக்கு மட்டும் பரவாயில்லை. அதற்கு மேல் சுமார் நான்கு சென்டிமீட்டர் வரை நீளக் கைப்பிடிக் கத்தரி. அதையும் தாண்டினால், இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கவாத்து வாள். அரிவாளால் கொத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கொத்திய இடம் பிசிறு பிசிறாக நிற்கும். நோய் கண்ட கிளையை வெட்டினால், அடுத்த கிளைக்குப் போகும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் அலகைத் துடையுங்கள். கண்ணாடி, கையுறை, தலைக்கவசம் மூன்றும் கட்டாயம்.

எப்போது?

காய்ந்ததையும் முறிந்ததையும் எந்த மாதத்திலும் எடுக்கலாம். இலையுதிர்க்கும் மரங்களுக்கு உறக்க காலத்தின் கடைசி, அதாவது புதுத் துளிர் விடுவதற்குச் சற்று முன், பொதுவாக ஏற்றது. போன பருவத்துக் கொப்பில் பூக்கும் மரத்தைப் பூத்து முடித்த கையோடு வெட்டுங்கள்; முன்னால் வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. விடாத ஈரமோ கடும் வறட்சியோ இருக்கும் நாட்களைத் தவிருங்கள்.

மூன்று வெட்டு

இதுதான் பாடம். கிளை பிறக்கும் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மேல்பக்கம், கவட்டையில், பட்டை சுருக்கம் விழுந்து ஒரு வரப்பு போலத் தெரியும். கீழ்ப்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்ந்து வரும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கையால் தடவுங்கள், விரல் சொல்லிவிடும்.

முதல் வெட்டு, கழுத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி. பருமனில் கால்வாசி போனால் போதும். கிளை வாளைக் கவ்வத் தொடங்கினால் உடனே நிறுத்தி உருவிவிடுங்கள்.

இரண்டாவது, முதல் வெட்டிலிருந்து இன்னும் சில சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை சடக்கென்று முறியும். பட்டை உரிந்தாலும் அடி வெட்டோடு நின்றுவிடும். நான் அன்று விட்டது அந்த ஒரு அடி வெட்டைத்தான்.

மூன்றாவது, மிச்சமிருக்கும் குட்டைக்கு. பாரம் போய்விட்டதால் இனி அவசரமில்லை. வாள் படாத தூரத்தில் ஒரு கையால் குட்டையைத் தாங்கிக்கொண்டு, மேலே வரப்புக்குச் சற்று வெளியே தொடங்கி, கீழே புடைப்புக்குச் சற்று வெளியே முடியுங்கள். வெட்டு பெரும்பாலும் அடிமரத்துக்கு இணையாக இருக்காது, சாய்வாகவே வரும். அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் கழுத்தும் போய்விடும். முளைக்குச்சி போல நீட்டி விட்டால் அது காய்ந்து, அழுகல் உள்ளே போக வழியாகிவிடும். காய்ந்த கிளையில் கழுத்து சில சமயம் கிளையோடு நீண்டு வளர்ந்திருக்கும். அந்த உயிருள்ள பகுதியைத் தொடாமல் காய்ந்ததை மட்டும் அறுங்கள்.

கிளையை முழுதாக எடுக்காமல் நீளத்தை மட்டும் குறைக்க வேண்டுமானால், வெட்டும் இடத்துப் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக் கிளை வரை வந்து வெட்டுங்கள். அதைவிட மெலிந்த கிளையால் தலைமைப் பொறுப்பை ஏற்க முடியாது.

எவ்வளவு?

ஒரு வருடத்தில் பசுமையான தலைப்பகுதியில் கால்வாசிக்கு மேல் போகாதீர்கள்; முதிர்ந்த மரத்துக்கு அதில் பாதிகூட அதிகம்தான். இலைதான் அதன் சமையலறை. புதிதாக நட்ட கன்றில் முறிந்ததை மட்டும் எடுத்தால் போதும்.

மொட்டையடிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உயரத்தைக் குறைக்கிறேன் என்று உச்சியை வெட்டினால், மரம் பதறிப்போய்க் கொத்துக்கொத்தாகப் போத்து, அதாவது புதுக் கொப்புகள், விடும். இரண்டொரு வருடத்தில் பழைய உயரத்துக்கே வந்துவிடும். அந்தப் போத்துகள் கட்டையின் மேலடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் பாரம் ஏறினால் பிய்ந்து விழும். ஆபத்து குறையட்டும் என்று செய்ததே ஆபத்தைத் தேடிக்கொடுக்கும்.

ஆள் வைத்துச் செய்தாலும் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். "உச்சியை மொட்டை அடிச்சுடலாம்" என்று எடுத்ததும் சொல்பவர் வேண்டாம். உயிரோடு நிற்க வேண்டிய மரத்தில் ஆணி பதித்த காலணியோடு ஏறுபவரும் வேண்டாம், ஒவ்வொரு அடியும் ஒரு ஓட்டை. எந்தக் கிளைகள், எந்த இடத்தில் என்று எழுதி வாங்குங்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

வெட்டிய பிறகு

தாரோ பெயின்டோ பூச வேண்டாம். சில வட்டாரங்களில் குறிப்பிட்ட நோய்க்காகப் பூசச் சொல்வார்கள். மற்றபடி அது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதோடு சரி. தூரைச் சுற்றி 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு இலை, மரத்தூள் மூடாக்குப் போடுங்கள், ஆனால் அடிமரத்தைத் தொடாமல். வேர் பிரியும் அகன்ற அடிப்பகுதி வெளியே தெரிய வேண்டும்.

அடுத்த வருடம் அதே வெட்டைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராக வளையம் போலப் புதுக் கட்டை உப்பியிருந்தால் உங்கள் வாள் சரியான இடத்தில் நின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் மட்டும் உப்பி, மேலும் கீழும் வெறுமையாக இருந்தால், கழுத்துக்குள் இறங்கிவிட்டீர்கள். அடுத்த கிளையில் அரை விரல் தள்ளி வையுங்கள்.