குடியை நிறுத்த முன்வருபவருக்கு வீட்டார் துணை நிற்பது எப்படி

குடியை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் தாமாகவே வாய் திறந்து சொல்லும் நாளில், மகிழ்ச்சி மிகுதியால் வீட்டார் செய்யும் முதல் தவறு, அன்றைக்கே அவரை வீட்டோடு இருத்திக் குடியை அடியோடு நிறுத்தச் செய்வதுதான். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகிப்போயிருக்கும். அது திடீரென்று நின்றால், 6 மணி நேரம் கழிந்த பிறகு கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, நேரமும் இடமும் புரியாமல் குழம்பும், உயிருக்கே ஆபத்தான நிலையும் உண்டாகலாம். தண்ணீர் குடிக்கும்போது தம்ளர் பல்லில் மோதி ஒலிக்கும் அளவுக்குக் கை நடுங்கினால், அதை மனவுறுதிக்கு வந்த சோதனை என்று எண்ணிப் பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பவற்றை மானத்துக்கு அஞ்சிக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவை அதை வைத்தே மருத்துவர் முடிவு செய்வார்.

உடல் தெளிந்த பிறகுதான் மனத்தின் நிலை வெளியே தெரியத் தொடங்கும். உறக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அச்சம் ஆகியவை குடியால் வந்தவையாக இருக்கலாம். அவற்றை அடக்கவே அவர் குடிக்கத் தொடங்கியிருக்கவும் கூடும். எது முந்தியது என்று வீட்டில் வாதிடுவதால் பயனில்லை. மனநல மருத்துவரிடம் இரண்டையும் ஒருசேரச் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை பெற வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. சாவைப் பற்றி அவர் பேசினால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவியை நாடுங்கள்.

அன்பினாலேயே செய்யப்படும் ஒரு செயலை இங்கே கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடித்தால் உடல் ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பது பேராபத்து. அதை அறியாமல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பிழைத்தாலும், வீட்டில் பரிமாறும் எதையும் அவர் மீண்டும் நம்பி உண்ணமாட்டார்.

நாள்தோறும் வாசலில் நிறுத்தி வாயை மோந்து பார்ப்பதும் அப்படித்தான். வேவு பார்ப்பதை விட்டு, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் சேர்ந்து உட்கார்ந்து சிலவற்றை ஒப்புக்கொள்ளுங்கள்: மாத்திரையை யார் முன்னிலையில் போடுவது, சம்பளப் பணம் யாரிடம் இருப்பது, வீட்டில் மது இருக்கவே கூடாது என்பது, குடிக்கத் தோன்றும்போது யாரை அழைப்பது. அந்த வேட்கை பெரும்பாலும் அலைபோல எழுந்து, அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் அறிவுரை கூறாமல், "வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்று உடன் கிளம்புகிறவரே அவருக்கு வேண்டும்.

சறுக்கல் வந்தால் அன்றிரவு பேச வேண்டாம். மறுநாள், முந்தைய சில நாள்களில் அவர் எங்கே தனித்துப்போனார், எந்த மாத்திரையை விட்டார், யாரைச் சந்தித்தார் என்று பொறுமையாகக் கேட்டு, அதை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஆனால் அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வதும் கடனை அடைப்பதும் துணை ஆகா. கை ஓங்கினால், பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லத் தயங்காதீர்கள்.

இத்தனையையும் ஒருவரே சுமக்க முடியாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் குழுக்கள் பல நாடுகளில் கூடுகின்றன. அவர் சிகிச்சைக்கு இன்னும் இணங்காவிட்டாலும்கூட நீங்கள் அங்கே போகலாம்.